பிசிசியன் அசிஸ்டன்ட் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் முன்: பதிவு, பத்திரங்கள், காசு, உடம்பு

"உங்கட பதிவு இலக்கத்தைச் சொல்லுங்கோ."

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நேர்முகத்துக்குப் போய் உட்கார்ந்ததும் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். மூன்று வருடம் சென்னையில் பிசிசியன் அசிஸ்டன்ட் படிப்பு, நான்காவது வருடம் முழுக்க இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இன்டர்ன்ஷிப். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் பேராசிரியரின் கடிதமும் கையில் இருந்தன. பதிவு இலக்கம் மட்டும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். சான்றிதழை நிதானமாகப் பார்த்துவிட்டு, "நோயாளியைத் தொடாத வேலை ஏதாவது தரலாம்" என்றார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் நின்றேன்.

அன்று நான் நின்ற இடத்தில் இன்னொரு பிள்ளை வந்து நிற்கக் கூடாது. பட்டம் மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்பதை, உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வெளிநாட்டில் படிக்க அனுப்புகிறோம் என்று வீடு தேடி வருகிற ஏஜென்சிக்காரர்கள் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம். பிசிசியன் அசிஸ்டன்டைச் சுருக்கி பி.ஏ. என்போம். பி.ஏ. என்றால் ஊரில் கலைப் பட்டம் என்று நினைப்பார்கள். இது வேறு. மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, அறிக்கைகளைச் சேர்த்து மருத்துவர் முன் வைப்பது, அறுவைச் சிகிச்சையில் கைகொடுப்பது, வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து விளக்குவது என்று நாள் முழுக்க நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வேலை. பைபாஸ் சிகிச்சையில் இதயத்தில் பொருத்துவதற்கான நாளத்தைக் காலிலிருந்து எடுப்பார்கள். அந்தக் காலைத் தைத்து மூடுவது பல இடங்களில் பி.ஏ.யின் பொறுப்பு. நான் முதன்முதலில் தைத்த கால் 61 வயது ஐயா ஒருவருடையது. ஆறாம் நாள் அவர் அந்தக் காலை ஊன்றி வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தபோது, சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் செய்ய எனக்கு எங்கே அனுமதி உண்டு என்று முன்கூட்டியே கேட்காததுதான் பிழை.

1. எந்த நாட்டில் பதிவு கிடைக்கும்?

இதற்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

மருத்துவத் துறையில் பட்டம் ஒன்று, பதிவு வேறொன்று. பட்டம் பல்கலைக்கழகம் தருவது. நோயாளியைத் தொடும் உரிமையைப் பதிவுதான் தரும். இலங்கையில் வைத்தியர்கள், பல் வைத்தியர்கள், உதவி வைத்தியர்கள், மருந்தாளர்கள் எல்லோரையும் பதிவு செய்வது கொழும்பு நொரிஸ் கெனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபை. அங்கே பிசிசியன் அசிஸ்டன்ட் என்றொரு வகையே கிடையாது. ஊரில் பெரியவர்கள் "அப்போதிக்கரி" என்பார்களே, அந்த உதவி வைத்தியர் வேலைதான் இதற்கு ஆகக் கிட்ட வருவது. அதற்கான பயிற்சியை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "எங்கள் பல்கலைக்கழகத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்கிறது" என்று ஏஜென்சி ஒரு தாளைக் காட்டும். அது உண்மையாகவே இருக்கலாம். அந்தத் தாள் உங்களிடம் இருப்பது பட்டம்தான் என்று சொல்லுமே தவிர, வைத்தியசாலையில் வேலை செய்யலாம் என்று சொல்லாது. எனக்குக் காட்டியதும் அந்தத் தாளைத்தான்.

சரி, இந்தியாவிலேயே வேலை செய்யலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிநாட்டவர் ஒருவர் இந்தியாவில் வேலை விசா எடுப்பதற்கு, ஒரு சில தொழில்கள் தவிர, ஆண்டுச் சம்பளம் 16 லட்சத்து 25 ஆயிரம் இந்திய ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். புதிதாகப் படித்து முடித்த பி.ஏ. ஒருவருக்கு அதில் கால்வாசி கிடைத்தாலே நல்ல சம்பளம். கூடப் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் முடிந்த அடுத்த வாரம் வேலைக்குப் போனார்கள். நான் பெட்டி கட்டினேன்.

மற்ற நாடுகள்:

அமெரிக்காவில், அந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பி.ஏ. கற்கைநெறியில் படித்து முடித்தவர் மட்டுமே 300 கேள்விகள் கொண்ட தேசியப் பரீட்சையை எழுதலாம். இந்தியப் பி.ஏ. பட்டத்தோடு நேரே போய் எழுத முடியாது. அங்கே இது முதுகலைப் படிப்பு, இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். உங்கள் இளங்கலைப் பட்டம் அதற்கு விண்ணப்பிக்க ஒரு படியாக மட்டும் உதவும்.

கனடாவில் மனிற்றோபா, மக்மாஸ்டர், ரொறன்ரோ, டல்ஹவுசி, கல்கரி பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் பி.ஏ.க்களும் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அதே சபையின் கீழ் வந்துவிட்டார்கள். ஆனால் அங்குள்ள படிப்புகள் பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான். ஸ்கார்பரோவில் சித்தப்பா இருக்கிறார் என்பது போதாது. உங்கள் கையில் வதிவிட அட்டை இருக்க வேண்டும். குடும்பத்தோடு போவதற்கான விண்ணப்பம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், சென்னையில் நான்கு வருடத்தைச் செலவழிக்காமல் அங்கே போய்ப் படியுங்கள்.

இங்கிலாந்தில் 2024 டிசம்பர் 13 முதல் பொது மருத்துவ சபை இவர்களைப் பதிவு செய்கிறது. அங்கே உயிரியல் சார்ந்த பட்டம் ஒன்றின் மேல் இரண்டு வருடப் படிப்பு. 2025 ஜூலையில் வந்த அரசாங்க மீளாய்வு, இவர்களின் பெயரையும் இவர்கள் யாரைப் பார்க்கலாம் என்பதையும் மாற்றச் சொன்னது. வேலை இன்னும் நிலைப்படாத நாடு என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடாக இருந்தாலும் பதிவு செய்யும் சபைக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். கல்லூரியின் பெயர், பட்டத்தின் பெயர், உங்கள் குடியுரிமை மூன்றையும் எழுதி, "இதை முடித்தால் உங்கள் சபையில் பதிவு செய்ய முடியுமா?" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். பதிலை அச்செடுத்து வையுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்ன "ஓம்" எதற்கும் உதவாது.

2. ஊரில்தான் வேலை செய்ய விருப்பமென்றால்

இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். வேறு கதவுகள் திறந்திருக்கின்றன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று மூன்று பட்டங்கள் உண்டு. இசட் புள்ளி வேண்டும், கட்டணம் இல்லை. அது கிடைக்காவிட்டால் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சி. மூன்று வருடம், பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு, முடிந்ததும் அரச வேலை. யாழ்ப்பாணத்திலேயே தாதியர் கல்லூரி இருக்கிறது. இதற்கான அழைப்பு வர்த்தமானியில் வரும், அதுவும் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வராது. எந்தெந்த வருட உயர்தரத்தில் தோற்றியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதை அதிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் வருடம் தவறிப் போனால் பிறகு கேட்டுப் பயனில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தாதியாகப் போவதை ஒரு படி குறைவாகச் சில வீடுகளில் பார்க்கிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் மூச்சு மாறியதை முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான்.

3. பாடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இனி, எல்லாம் யோசித்துத்தான் சென்னை போகிறோம் என்பவர்களுக்கு.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கேட்பார்கள். நம்முடைய பௌதிகம், இரசாயனம், உயிரியல்தான். உயிரியல் பிரிவில் பௌதிகத்துக்குப் பதிலாக விவசாயம் எடுத்த பிள்ளைகள் இங்கே கவனம். "பரவாயில்லை, பயோ தானே" என்று ஏஜென்சி சொல்லும். பல்கலைக்கழகத்தின் தகுதிப் பிரிவு அப்படிச் சொல்லாது. பணம் கட்டிய பிறகு திருப்பி அனுப்பினால், கட்டிய காசு முழுதாகத் திரும்பி வராது. சாதாரண தர ஆங்கிலப் பெறுபேற்றையும் எடுத்து வையுங்கள்.

4. கல்லூரியைச் சரிபார்த்தல்

பட்டம் தருவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். சென்னையில் பெரும்பாலான கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, சில தாங்களே பட்டம் தரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், அந்தக் கல்லூரிக்கு இந்தக் குறிப்பிட்ட படிப்பு நடத்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது. அதே கட்டடத்தில் "டிப்ளோமா" என்றும் ஒரு வகுப்பு நடக்கலாம். இரண்டுக்கும் சீருடை ஒன்றாகவே இருக்கும்.

கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: இன்டர்ன்ஷிப் எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம், அந்த வருடம் கட்டணம் உண்டா, ஊக்கத்தொகை உண்டா, வெளிநாட்டு மாணவர் கட்டணம் இந்திய ரூபாயிலா டொலரிலா, இரண்டாம் வருடம் அது கூடுமா. சொந்தமாகப் பெரிய வைத்தியசாலை இல்லாத கல்லூரிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வேலையைக் கட்டிலின் பக்கத்தில் நின்றுதான் பழக முடியும்.

5. பெயரும் பத்திரங்களும்

எனக்கு ஏழு வாரம் போனது இங்கேதான்.

பிறப்புச் சான்றிதழில் என் பெயர் தமிழில். மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தில் ஒரு எச் எழுத்தைக் கூட்டிவிட்டார். சாதாரண தரச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக இருந்தது, உயர்தரத்தில் முழுப் பெயராக இருந்தது, கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகி முன்னால் போயிருந்தது. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான். சென்னையில் கோப்பைப் பார்த்த எழுத்தர் நான்கு தாளையும் வரிசையாக மேசையில் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் அடியில் கோடு போட்டு, "இவர்கள் நான்கு பேரா?" என்று கேட்டார். திருத்தி அனுப்பி முடிப்பதற்குள் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த மாத வருகைக் குறைவு முதல் பரீட்சை வரை என்னைத் துரத்தியது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் கடவுச்சீட்டு எடுங்கள். அதிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே எல்லாவற்றுக்கும் அளவாக வையுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டுப் பிரதியைக் கையில் கொடுத்து, "பெயரை இப்படியே எழுதுங்கோ" என்று சொல்லுங்கள். சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு வடிவத்தையும் எழுத்துக்கு எழுத்து எழுதியிருக்க வேண்டும்.

கடவுச்சீட்டுக்கு முன்பு நாங்கள் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே அலுவலகம் இருக்கிறது. சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும், அவர்கள் தரும் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட வேண்டாம்.

பரீட்சைச் சான்றிதழ்களைப் பாடசாலையிலிருந்து எடுத்த பிரதியாகக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து சான்றுப்படுத்திய ஆங்கிலப் பிரதி வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் தபாலில் வரும். பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி. அதற்கும் கச்சேரியில் பிராந்திய அலுவலகம் உண்டு, கொழும்பு போகத் தேவையில்லை. கடைசியாக இந்தியப் பக்கம்: நம் உயர்தரம் அங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலைச் சான்றிதழும், நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழும். இந்த இரண்டும்தான் ஆகக் கூடுதலாக இழுக்கும். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து, ஒரு கிளியர் புக்கில் இதே வரிசையில் போடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், ஏஜென்சியிடம் ஒருபோதும் வேண்டாம்.

6. காசு

நான் சேர்ந்தது 2021 கடைசியில். ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்து 20 ஆயிரம் இந்திய ரூபாய். அப்போது ஒரு இந்திய ரூபாய்க்கு நம்முடைய காசு ஏறத்தாழ 2 ரூபாய் 70 சதம். அதாவது மூன்று லட்சத்து 24 ஆயிரம். அடுத்த வருடம் இதே கட்டணத்தைக் கட்டப் போனபோது ஒரு இந்திய ரூபாய் நாலரை. ஐந்து லட்சத்து 40 ஆயிரம். கட்டணம் ஒரு சதமும் கூடவில்லை, நம்முடைய ரூபாய்தான் விழுந்துவிட்டது. அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது அந்த மாதம். காசு சேர்ந்த பிறகும், அந்நியச் செலாவணி இல்லையென்று வங்கி இரண்டு கிழமை இழுத்தடித்தது.

இப்போது மாற்று விகிதம் மூன்றரைக்குக் கிட்ட நிற்கிறது. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கட்டணம் ஒரு லட்சத்து 20 ஆயிரம், விடுதியும் சாப்பாடும் 96 ஆயிரம், பரீட்சைக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் 20 ஆயிரம். வருடத்துக்கு இரண்டு லட்சத்து 36 ஆயிரம் இந்திய ரூபாய், நம் காசில் எட்டேகால் லட்சம். மூன்று வருடமும், விடுதிச் செலவு மட்டுமுள்ள இன்டர்ன்ஷிப் வருடமும் சேர்த்தால் 28 லட்சம். அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட வையுங்கள். கிட்டத்தட்ட 34 லட்சம். இது என் கல்லூரிக் கணக்கு. வெளிநாட்டு ஒதுக்கீட்டில் டொலரில் வாங்கும் இடங்களில் இதைவிடப் பல மடங்கு ஆகலாம்.

முதல் வருடக் காசு மட்டும் கையில் இருந்தால் புறப்பட வேண்டாம். இரண்டு வருடக் காசாவது இருக்கட்டும். கட்டணத்தை வங்கி வழியாகக் கல்லூரியின் கணக்குக்கே அனுப்புங்கள். சேர்க்கைக் கடிதம், கட்டண விபரம், கடவுச்சீட்டு, விசா பிரதிகளை வங்கி கேட்கும். "சென்னையில் எங்கட ஆள் இருக்கிறார், அவரிடம் கொடுங்கோ" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசைப் பற்றிப் பிறகு எங்கேயும் முறையிட முடியாது.

7. விசாவும் முதல் 14 நாளும்

மாணவர் விசா. வேறு எதிலும் போகாதீர்கள். "சுற்றுலா விசாவில் போங்கோ, அங்கே மாத்தலாம்" என்று சொல்வது பொய், மாற்ற முடியாது. யாழ்ப்பாணம் மருதடி ஒழுங்கையில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. விசா பற்றிய சந்தேகங்களை அங்கேயே கேளுங்கள். விசா கையில் வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள்: பல தடவை போய்வரலாம் என்று இருக்கிறதா, கல்லூரியின் பெயர் சரியா.

180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவென்றால், போய் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்தில் செய்யலாம். சென்னையில் அலுவலகம் ஹாடோஸ் வீதி சாஸ்திரி பவனில். நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றும், விடுதியில் தங்கியிருப்பதற்கான சான்றும் வேண்டும். பதினான்கு நாள் நிறைய என்று தோன்றும். வகுப்பு, விடுதி, சிம் என்று ஓடுவதில் பத்து நாள் போய்விடும். இரண்டாம் நாளே கல்லூரி அலுவலகத்தில் போய் நில்லுங்கள்.

8. புறப்பட ஆறு மாதம் முன்பே தடுப்பூசி

இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. சிறுவயதில் போடாதவர்கள், இரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியை மூன்று முறை போட வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. பிறகு ஒன்று இரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பு அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பார்க்க வேண்டும். வார்டுக்குள் நுழையும்போது இது முடிந்திருக்க வேண்டுமென்றால் உயர்தரம் எழுதிய உடனேயே தொடங்க வேண்டும்.

இலங்கையில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003இலிருந்து படிப்படியாக வந்தது. இப்போது விண்ணப்பிக்கிற வயதிலுள்ளவர்கள் சிறுவயதில் போட்டிருப்பீர்கள். அம்மாவின் அலுமாரியில் உங்கள் குழந்தை வளர்ச்சி அட்டையைத் தேடி எடுங்கள். கல்லூரியில் அதைக் கேட்பார்கள். போட்டிருந்தாலும் எதிர்ப்பு அளவை ஒருமுறை பாருங்கள், வருடங்கள் போகப் போக அது இறங்கும். தட்டம்மை, ருபெல்லா, கொப்புளிப்பான் விபரமும் அட்டையோடு இருக்கட்டும்.

9. வார்டில் உடம்பைப் பார்த்துக்கொள்வது

இன்டர்ன்ஷிப்பின் நான்காம் மாதம், இரவு மூன்றரை மணி, தீவிர சிகிச்சைப் பிரிவு. இரத்தம் எடுத்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டேன். மூடி வழுக்கி, ஊசி இடக்கை ஆட்காட்டி விரலில் இறங்கியது. கையுறையில் சிவப்பாக ஒரு புள்ளி, கடுகளவு. யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பக்கத்திலிருந்த மூத்த தாதி அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார். "முதல்ல கையக் கழுவு, அப்புறம் அழு" என்றார்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது, நேரே கூர்ப்பொருள் பெட்டிக்குள் போட வேண்டும். குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நசுக்க வேண்டாம். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், நோயாளியின் இரத்தமும் உங்கள் இரத்தமும் பரிசோதனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலம் தாண்டக் கூடாது, 28 நாள் எடுக்க வேண்டும். வெட்கத்தில் காலைவரை காத்திருக்கிறவர்கள் பெறுமதியான நேரத்தை இழக்கிறார்கள். எனக்கு எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. அதற்காகக் காத்திருந்த வாரங்களை என் பகையாளிக்கும் விரும்ப மாட்டேன்.

அறுவைச் சிகிச்சையில் நான்கு மணித்தியாலம் ஒரே இடத்தில் நிற்பீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முன்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், மயங்கி விழுவதைவிட அது எவ்வளவோ மேல். முழங்கால் வரையிலான இறுக்கக் காலுறை விலை கூடத்தான், ஆனால் முதல் மாதமே வாங்குங்கள். எக்ஸ்றே கதிர் உள்ள அறையில் ஈய அங்கி கனமாக இருக்கிறதென்று கழுத்தில் கட்டும் தைரொயிட் கவசத்தை மட்டும் விட்டுவிடுகிற பழக்கம் வேண்டாம்.

இரவு வேலை முடிந்து வந்ததும் தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு, ஜன்னலை மூடிப் படுங்கள். அந்த நேரம் வீட்டிலிருந்து அழைப்பு வரும். எந்த நாட்களில் இரவு வேலை என்று அம்மாவுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

சாப்பாடு. ஊரிலிருந்து வரும் பார்சலில் மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய், பருத்தித்துறை வடை. விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் மூன்று வேளையும் அதையே தொட்டுச் சாப்பிடத் தோன்றும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்கிறவர்கள் நாம். என் அறைத்தோழர் ஒருவருக்கு 24 வயதில் இரத்த அழுத்தம் 150க்கு 96. விளையாட்டுக்குக் கருவியைக் கட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பார்சலில் குரக்கன் மாவும் வறுத்த பயறும் அனுப்பச் சொல்லுங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை என்பதை விடுதி மொட்டை மாடியிலேயே நடந்து முடிக்கலாம்.

உங்களை அனுப்பிவிட்டு ஊரிலிருக்கிற அம்மா அப்பாவையும் யோசியுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். போக முதல் அவர்களை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் சாப்பிடாமல், தேத்தண்ணியும் குடிக்காமல் போக வேண்டும்.

10. மாதக் கணக்கு

2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரல் 26இல் வந்தது. தமிழ்நாட்டில் சேர்க்கை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஓடும். பெறுபேறு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

பரீட்சை எழுதி முடித்த மாதமே கடவுச்சீட்டும் முதல் தடுப்பூசியும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, பதிவுச் சபைக்கு மின்னஞ்சல். பெறுபேறு வந்த வாரமே பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பம், அது வந்ததும் கச்சேரியில் அத்தாட்சி, உடனே சமநிலைச் சான்றிதழ். சேர்க்கைக் கடிதம் வந்ததும் விசா.

பலாலியிலிருந்து சென்னைக்கு இப்போது தினமும் விமானம் உண்டு, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் எடுக்கும். கிளியர் புக்கைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட வேண்டாம். கைப்பையிலேயே இருக்கட்டும். இறங்கியதும் குடிவரவு மேசையில் சேர்க்கைக் கடிதத்தைக் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.